நாகமுத்துவுக்கு முப்பத்தொரு நாள்

1

ஒப்புக்கொண்டுவிட்டே தொடங்குகிறேன். இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது.

நான் துஷாந்தினி. நெல்லியடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. இந்த வைகாசிக் கடைசியில் ஒரு முற்பகல், பனடோல் கேட்டு வந்தவருக்கும் இருமல் பாணி கேட்டு வந்தவருக்கும் நடுவில் கிடைத்த அரை நிமிடத்தில், போனில் பத்துச் சொல் தட்டினேன்:

"நாகமுத்துவின் தலையில் பனம்பழம் விழுந்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. எல்லாருக்கும் நன்றி."

நாகமுத்து என்று ஒருவர் இல்லை. அவர் இருந்த தீவும் இல்லை. ஆனால் அந்தப் பத்துச் சொல்லால் தொண்டைமானாற்றில் ஒரு பெண் தன் தகப்பன் இல்லாமல் மணவறையில் இருக்கப் போகிறாள். நாளை மறுநாள்.

பொறுங்கள். இப்படி எல்லாவற்றையும் முதல் பக்கத்திலேயே கொட்டினால் மிச்சத்தை யார் வாசிப்பது? ஒழுங்காகத் தொடங்கிப் பார்க்கிறேன்.

2

முதலாவது தொடக்கம்:

"வெண்கரைத்தீவின் மேல் அன்று காகங்கள் பறக்கவில்லை. விதானையார் கதிரித்தம்பி தன் தமக்கையின்—"

வேண்டாம். காகங்கள் பறக்காத கதைகளை நானே மூடி வைத்துவிடுவேன்.

இரண்டாவது தொடக்கம்:

"மனிதன் ஏன் வேடம் போடுகிறான்? ஆதியில் அவன்—"

ஆதியிலிருந்து புறப்பட்டால் நெல்லியடிக்கு வந்துசேர நானூறு பக்கம் ஆகும். கவுண்டரில் நிற்க வேறு ஆள் இல்லை.

மூன்றாவது, உள்ளதை உள்ளபடி: 2020 ஊரடங்கில், போன் திருத்தும் கடை வைத்திருக்கும் பிரகலாதன் வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினான். காங்கேசன்துறைக்கு வடக்கே, இல்லாத கடற்பரப்பில், வெண்கரைத்தீவு என்று ஒரு தீவு. குழுவில் சேருகிற ஒவ்வொருவரும் அந்தத் தீவின் குடிமகன். ஒருவர் தபாற்காரர், ஒருவர் உப்பு வியாபாரி, பிரகலாதன் வெளிச்சவீட்டுக் காவலாளி. பதினொரு பேர். ஊரடங்கு முடிந்தது. கோதுமை மாவுக்கும் பெற்றோலுக்கும் நின்ற வரிசைகள் முடிந்தன. தீவு மட்டும் முடியவில்லை.

விதிகள் இரண்டே இரண்டு. ஒன்று, குழுவுக்குள் வேடத்தில்தான் பேச வேண்டும். சொந்த விசயம் சொல்வதென்றால் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். இரண்டு, எழுதியதை அழிக்கக் கூடாது. தீவில் நடந்தது நடந்ததுதான்.

[இந்தக் கதையிலும் அப்படியே. சதுர அடைப்புக்குள் வருவது எழுத்தாளர் இல்லை, நான். எழுத்தாளர் என்பதும் ஒரு வேடம்தான், கடைக்கு வெள்ளை மேலங்கி போடுகிற மாதிரி. உள்ளே நிற்பவளுக்கு இப்போது கால் கடுக்கிறது.]

3

தீவின் ஊர்த்தலைவர், அதாவது விதானையார் கதிரித்தம்பி, வேடம் சோமசேகரத்துடையது. மின்சார மீற்றர் வாசிக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். அறுபத்தெட்டு வயது. சந்நிதி முருகன் கோயில் மணி கேட்கிற தூரத்தில் வீடு. முப்பது வருடம் பிறர் வீட்டுச் சுவரில் என்ன எண் நின்றதோ அதைத்தான் எழுதினார். சொந்த மச்சானின் வீட்டிலும் ஒரு யூனிற் குறைத்ததில்லை என்று அந்த மச்சானே இன்றுவரை திட்டுகிறார்.

அப்படிப்பட்ட மனிதர் விதானையார் ஆனால் எப்படி இருக்கும்? ஐந்து வருடத்துக்கு மேலாக அவர் ஒரு தடவைகூடச் சதுர அடைப்பைத் தொட்டதில்லை. ஒவ்வொரு செய்தியும் "இத்தால் சகலருக்கும் அறியத் தருவது" என்றே தொடங்கும். போன் தண்ணீரில் விழுந்தபோது, "விதானையாரின் முத்திரை கிணற்றில் வீழ்ந்துள்ளது" என்று மகளின் போனிலிருந்து அறிவித்தார். குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்குப் போனபோது, "அரச கருமமாக நான்கு தினங்கள் தீவை நீங்குகிறேன்" என்றார். நாங்கள் அதைக் கதை என்று நம்பி, அந்த நான்கு நாளில் உப்பு வியாபாரியை விதானையார் ஆக்கிவிட்டோம். ஐந்தாம் நாள் தையலோடு திரும்பி வந்து, முறைப்படி விசாரணை வைத்து, பதவியை மீட்டார்.*

* உப்பு வியாபாரி வேடம் போட்டவர் பாரிசில் இருக்கிறார். "[அண்ணை, ஒப்பரேசன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே]" என்று கேட்டார். விதானையாரிடமிருந்து பதில் இல்லை. அடைப்புக்குள் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது.

நான் அவருடைய தமக்கை நாகமுத்து. கல்யாணம் ஆகாதவர், வாய்க்காரி, கோழி வளர்ப்பவர். அவரை நான் பெரிதாக யோசித்துப் படைக்கவில்லை. விதானையாருக்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. குழுவில் சேர்ந்த நாளே அவர்தான் கேட்டார்: "இத்தால் அறியத் தருவது, எனக்கு ஒரு தமக்கை உண்டு. அவவின் இடம் வெற்றிடமாக உள்ளது." நான் போய் நிரப்பினேன்.

[இந்த வரியை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். ஐந்து வருடமாக ஒவ்வொரு நாள் காலையும் அவர் குழுவில் போட்ட முதல் செய்தி ஒன்றே: "அக்கா, சாப்பிட்டியளோ?" அதற்கு மட்டும் "இத்தால்" கிடையாது.]

4

ஏன் கொன்றேன்? கடையில் சரக்குக் கணக்கெடுப்பு வாரம். கோழி காணாமல்போன வழக்கு ஒன்று தீவில் மூன்று மாதமாக இழுபட்டது, எனக்கு அலுத்துவிட்டது. விலகுகிறேன் என்று நாகரிகமாகச் சொல்லியிருக்கலாம். பனம்பழம் சுகமாக இருந்தது.

பத்து நிமிடம் கழித்து விதானையார் எழுதினார்: "இத்தால் சகலருக்கும் அறியத் தருவது, எனது தமக்கையார் காலமானார். இன்று முதல் முப்பத்தொரு தினங்கள் துடக்கு."

நல்ல நடிப்பு என்று கும்பிடு ஒன்று போட்டுவிட்டு இருமல் பாணி எடுக்கப் போனேன்.

அவர் நடிக்கவில்லை. துடக்கு என்றால் சாவுத் தீட்டு; கோயிலும் ஆகாது, நல்ல காரியமும் ஆகாது. அன்று மத்தியானமே தலை முழுகினார். வீட்டின் பின்பக்கச் சாமான் அறைக்குப் பாயைக் கொண்டுபோனார். வெள்ளிக்கிழமை தவறாமல் சந்நிதிக்குப் போகிறவர் வீட்டு வாசல் படலையோடு நின்றுவிட்டார். பக்கத்து வீட்டு முத்துக்குமாரு ஏன் கோயிலுக்கு வரவில்லை என்று விசாரித்தபோது, "அக்கா செத்துப்போனா" என்றிருக்கிறார்.

முத்துக்குமாரு வேட்டி மாற்றிக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தார். பின்னால் இன்னும் மூன்று பேர். பிளாஸ்ரிக் கதிரைகள் போடப்பட்டன.

"எப்பிடி நடந்தது?"

"தலையிலை பனம்பழம் விழுந்தது."

"வைகாசியிலையோ?"

"ஓம்."

"காலநிலை மாறிப்போச்சுத்தான்," என்றார் முத்துக்குமாரு. எல்லாரும் தலையாட்டினார்கள். செத்தவீட்டு முறைப்படி தேத்தண்ணி குடிக்காமல், சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள்.

நீங்கள் இதை நம்பாவிட்டால் நான் கோபிக்க மாட்டேன். நானும் நம்பவில்லை. கேள்விப்பட்ட அன்று கடையில் விழுந்து விழுந்து சிரித்தேன்.

5

சிரிப்பு ஒன்பதாம் நாள் நின்றது. அன்று சோமசேகரத்தின் மகள் தக்சாயினி கடைக்கு வந்தாள். கையில் கல்யாண அழைப்புக் காட். பார்மசி என்று பார்க்காமல் கவுண்டரில் அடித்து வைத்தாள்.

"நீங்கள்தானே நாகமுத்து?"

இப்படி ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்வது? "ஓம்" என்றேன்.

"நீங்கள் செத்ததாலை எங்கடை அப்பா என்ரை கலியாணத்துக்கு வரமாட்டாராம்."

மாப்பிள்ளை றஜிந்தன் ஒஸ்லோவில் இருந்து மூன்று வார லீவில் வந்திருக்கிறான். கல்யாணம் துடக்கின் இருபதாம் நாளில் விழுகிறது. முப்பத்தொன்று முடிய முன்பே அவன் விமானம் ஏற வேண்டும். பிறகு ஆடி, யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். நாளை மாற்ற வழி இல்லை.

"அக்கா செத்தால் தம்பி வீட்டிலை எல்லாருக்கும்தானே துடக்கு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தேன். இல்லாத ஆளின் துடக்குக்கு நானும் சட்டம் பார்க்கிறேன்.

"அதையும் கேட்டாச்சு. நாங்கள் ஒருத்தரும் தீவிலை இல்லையாம். எங்களுக்குத் துடக்கில்லையாம். கலியாணத்தை வடிவா நடத்தச் சொல்லுறார். தனக்குத்தான் ஏலாதாம். மாமா கொழும்பிலையிருந்து வந்து தாரை வார்ப்பாராம்." அவள் கண் சிவந்திருந்தது. "எனக்கு மாமா வேண்டாம். அப்பா வேணும். அப்பாவின்ரை கைக்குள்ளை என்ரை கை இருக்கோணும். நீங்கள்தானே செத்தனீங்கள், நீங்களே ஏதும் செய்யுங்கோ."

கோபப்படுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற சீவனியில் ஒரு பைக்கற் எடுத்துக் கொடுத்தேன்.

6

இந்த இடத்தில் ஒரு பாத்திரம் எனக்குச் சரிவரவில்லை. சோமசேகரத்தின் மனைவி ஞானாம்பிகை.

கதை நியாயப்படி அவர் ஊரைக் கூட்டியிருக்க வேண்டும். அவர் கணவரின் போனைப் பிடுங்கிக் கிணற்றில் போடுவதாக ஒரு காட்சியே எழுதினேன். நல்ல காட்சி. சிரிப்பும் இருந்தது. ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. மூன்று வேளையும் மரக்கறிச் சோறு சமைத்து, சாமான் அறை வாசலில் வைத்துவிட்டு வந்தார். மகள் கத்தியபோதும், "விடு பிள்ளை" என்பதோடு சரி.

இப்படி ஒரு பெண் இருப்பாரா? நான் படைத்திருந்தால் திருத்தியிருப்பேன். இருந்துவிட்டாரே. அந்தக் கிணற்றுக் காட்சியை அடித்துவிட்டேன், மனசில்லாமல்.

7

நானும் பிரகலாதனும் அவன் கடையில் கூடி ஆலோசித்தோம்.

"செத்தவவை எழுப்புவம்," என்றான் அவன். "மயக்கம் எண்டு சொல்லுவம்."

"பன்ரண்டு நாளாகவோ?"

"நீங்கள் மருந்துக்கடைதானே, ஏதும் பேர் சொல்லுங்கோவன்."

இரண்டாம் விதி இடித்தது. எழுதியதை அழிக்கக் கூடாது. ஆனால் எழுதாததைக் கண்டுபிடிக்கலாம்தானே? இந்த யோசனை என்னுடையது. எங்கள் பக்க வழக்கத்தில் கல்யாணம் கட்டிப் போன சகோதரி வேறு குடும்பம். அவருக்காகத் தம்பி முப்பத்தொரு நாள் இருக்கத் தேவையில்லை, மூன்று நாள் போதும். ஆக, நாகமுத்து யாருக்கும் தெரியாமல் கல்யாணப் பதிவு எழுதியிருந்தார் என்று தெரியவந்தால் துடக்கு ஒன்பது நாளுக்கு முன்னமே கழிந்துவிட்டது! விதானையார் வேடம் கலையாமலே எழுந்து வரலாம்.

என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு கதைமுடிச்சு போட்டதில்லை. பெருமையாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

"மாப்பிள்ளை ஆர்?" என்றான் பிரகலாதன்.

தீவில் வயதுக்கு ஏற்ற கல்யாணமாகாத ஆண் வெளிச்சவீட்டுக் காவலாளி மட்டும்தான்.

"ஐயோ அக்கா, பெண்சாதி செத்தால் எனக்கெல்லே முப்பத்தொண்டு! அடுத்த கிழமை எங்கடை கோயில் கொடியேத்தம். நான்தான் லைற் போடுறது."

"டேய், அது கதையிலை."

"அவருக்கும் கதையிலைதானே?"

அவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டான். பழைய தகரப்பெட்டிக்குள் ஒரு கல்யாணப் பதிவுத்துண்டு கிடந்ததாகவும், நாகமுத்துவும் தானும் களவாகப் பதிவு எழுதி நாற்பது வருடமாகிறது என்றும், தம்பியாரின் கோபத்துக்குப் பயந்து சொல்லவில்லை என்றும் வெளிச்சவீட்டுக் காவலாளி குழுவில் எழுதினார். அழகாகவே எழுதினான், படுபாவி.

8

நாற்பது நிமிடம் போனது. பிறகு விதானையார் எழுதினார். "இத்தால்" இல்லை, "சகலருக்கும்" இல்லை.

"அவ எழுதிப் போனது எனக்கு அப்பவே தெரியும். போனவதானே எண்டு சொல்லி விடச் சொல்லுறியளோ. இந்தமுறை ஏலாது. முப்பத்தொண்டும் இருப்பன்."

பிரகலாதன் எனக்குத் தனியாக எழுதினான்: "அக்கா, அதென்ன இந்தமுறை?"

9

பதினைந்தாம் நாள் தொண்டைமானாற்றுக்கு பஸ் எடுத்தேன். வீட்டு முற்றத்தில் பந்தல்காரர்கள் தடி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஞானாம்பிகை என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய், பலகாரச் சூட்டுக்கு நடுவில் இருத்தி, அரியதரம் ஒன்றைக் கையில் தந்தார். கேட்க வந்ததை நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"உவருக்கு ஒரு அக்கா இருந்தவ, பிள்ளை. தவமலர். எழுபத்தொன்பதிலை சிமியோன் எண்டு சேர்ச்சுக்குப் போற ஒரு வேதக்காரப் பெடியனோடை பேசாலைக்குப் போட்டா. களவாய்ப் பதிவு எழுதினவை. மாமா, உவற்றை அப்பா, உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு, செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டியைச் செய்து தலை முழுகினவர். பேர் சொல்லக் கூடாது எண்டு சத்தியம் வாங்கினவர். தக்சாயினிக்கே தெரியாது."

"பிறகு?"

"ரெண்டாயிரத்து மூண்டிலை செத்துப்போனா. சந்நிதித் திருவிழா நேரம் கடிதம் வந்தது. உவர் காவடி எடுக்க வேட்டி கட்டிக்கொண்டு நிக்கிறார். வாசிச்சார். மடிச்சு மடிக்குள்ளை வைச்சார். போய்க் காவடி எடுத்தார். மாமா அப்ப உயிரோடை இருந்தவர்தானே, உவர் என்ன செய்யிறது. மூண்டு நாள்கூட இருக்கேல்லை. ஒரு நாள் இருக்கேல்லை." அடுப்பைக் குறைத்தார். "இப்ப இருக்கிறார். இருக்கட்டும் எண்டு விட்டிட்டன். ஆனால் பிள்ளையின்ரை முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு."

பாதி கடித்த அரியதரத்தைக் கீழே வைத்தேன். களவாகப் பதிவு எழுதிய தமக்கை. என் அருமையான கதைமுடிச்சு. நாற்பது வருடத்துக்கும் முன் அந்த வீட்டில் நடந்ததையே எடுத்து, அவர் முகத்தில் எறிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

10

[இனி முடிவு. கையில் இருப்பவற்றைச் சொல்கிறேன்.]

முடிவு அ: சோமசேகரம் சாமான் அறையால் வெளியே வந்து, "இதெல்லாம் விளையாட்டுத்தானே" என்று சிரித்து, பட்டு வேட்டி கட்டுகிறார். மேளம். எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் இது விளையாட்டு என்றால், தவமலருக்கு இன்னொரு தடவை யாரும் துக்கம் காக்கவில்லை என்று ஆகும்.

முடிவு ஆ: றஜிந்தனின் ஒஸ்லோ முதலாளி, சைவத் துடக்கின் நுணுக்கங்களைக் கேட்டறிந்து மனம் இளகி, லீவை நீட்டி—

இதை எழுதியவள் நான்தான். அடித்தவளும் நான்தான்.

முடிவு இ: தகப்பன் வரவில்லை. மாமா தாரை வார்க்கிறார். தக்சாயினி ஒஸ்லோவுக்குப் போகிறாள். ஒவ்வொரு வருடமும் கல்யாண அல்பத்தைத் திறக்காமல் விடுகிறாள். அந்த வீட்டிலிருந்து இன்னொரு பெண்ணும், தகப்பன் கை தராமல், தூரம் போய்விட்டாள்.

இதுதான் நடக்கப்போவது. நான் ஒன்றும் செய்யாவிட்டால்.

11

இன்று பதினெட்டாம் நாள். காலையில் குழுவில் விதானையாரின் அறிவித்தல் வந்தது:

"இத்தால் சகலருக்கும் அறியத் தருவது, இன்று முதல் வெண்கரைத்தீவில் இறந்தவர்கள் விரும்பினால் கனவில் வந்து கதைக்க அனுமதிக்கப்படும். விண்ணப்பம் தேவையில்லை."

ஐந்து வருடத்தில் அவர் கொண்டுவந்த ஒரேயொரு புதுச் சட்டம். மீற்றரில் நிற்காத எண்ணை முதல் தடவையாக எழுதியிருக்கிறார்.

பிரகலாதன் உடனே அழைத்தான். "அக்கா, எழுதுங்கோ. 'தம்பி, நான் மன்னிச்சிட்டன், பிள்ளையின்ரை கலியாணத்துக்குப் போ' எண்டு ஒரு வரி. அவர் அதுக்குத்தானே இருக்கிறார். நாகமுத்து சொன்னால் எழும்பி வருவார்."

வருவார். எனக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்பது நாகமுத்துவிடம் இல்லை. பேசாலையில் செத்துப்போன ஒரு பெண்ணிடம். நான் அவரைக் கண்டதில்லை. அவருக்குத் தம்பி மேல் கோபம் இருந்ததா, இல்லையா, கடைசி நாட்களில் படலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாரா, எதுவும் தெரியாது. வைத்தியரின் மருந்துத்துண்டு இல்லாமல் மாத்திரை கொடுக்காதவள், இன்னொருத்தியின் மன்னிப்பை எப்படி எடுத்துக் கொடுப்பேன்? கொடுக்காமல் விட்டால் தக்சாயினிக்கு என்ன சொல்வேன்? வேடத்தைக் கலைத்து, "ஐயா, நான் துஷாந்தினி, பார்மசியிலை நிக்கிறனான்" என்று எழுதினால் அவருக்கு அந்த அக்காவும் இல்லாமல் போய்விடுவா.

மூன்று தடவை தட்டி மூன்று தடவை அழித்தேன். "தம்பி, நான்—" "தம்பி, உன்ரை பிள்ளை—" "தம்பி—"

[இந்தக் கதையை எழுதத் தொடங்கியது எதற்கு என்று இப்போது சொல்லிவிடுகிறேன். என்னால் முடியவில்லை. இத்தனை பக்கம் வாசித்த உங்களுக்கு அந்த வீட்டைப் பற்றி என் அளவுக்குத் தெரியும். தவமலரைப் பற்றியும் என் அளவுக்குத்தான் தெரியாது. ஆகவே, இந்தாருங்கள் போன். இனி அக்கா நீங்கள்தான்.]

சற்று முன் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. குழுவில் இல்லை. என் இலக்கத்துக்கு, தனியாக, முதல் தடவையாக.

"அக்கா, நிக்கிறியளோ?"

திறந்துவிட்டேன். இரண்டு சரிக்குறியும் நீலமாகிவிட்டது. அக்கா வாசித்துவிட்டா என்று தம்பிக்குத் தெரியும்.

எழுதுங்கள்.